விமானத்தில் சைக்கிள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் லடாக்கின் லேவுக்கு, கோவா டிரையத்லானுக்கு, நான்காண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டில் நடக்கும் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் 1200 கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்கு என்று சைக்கிளோடு கிளம்புகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறோம். கட்டணங்கள் அடிக்கடி மாறுபவை. ஆகவே ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு, விதி எப்படி வேலை செய்கிறது என்பதையும் சைக்கிள் எங்கே உடைகிறது என்பதையும் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

1. சாதாரண சைக்கிளை ஃப்ளைட்ல கொண்டுபோக முடியுமா? மடக்குற சைக்கிள்தான் விடுவாங்களா?

முடியும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் சைக்கிளை ‘விளையாட்டுச் சாதனம்’ என்ற வகையில், செக்-இன் சாமானாக ஏற்கின்றன. பெட்டியிலோ பையிலோ கட்டியிருக்க வேண்டும், பெடல் கழற்றியிருக்க வேண்டும், ஹேண்டில் திருப்பியோ கழற்றியோ இருக்க வேண்டும். உருட்டிக்கொண்டு போய்க் கவுன்ட்டரில் அப்படியே ஒப்படைக்கலாம் என்று எண்ணிப் போகாதீர்கள்.

மடக்கு சைக்கிளுக்கு ஒரு சலுகை உண்டு, ஆனால் எல்லா மடக்கு சைக்கிளுக்கும் அல்ல. செக்-இன் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் உலகெங்கும் புழங்கும் அளவு. மடக்கிய ப்ராம்ப்டன் சைக்கிள் சுமார் 64.5 × 58.5 × 27, அதாவது 150 செ.மீ. மெல்லிய பையில் போட்டால் சாதாரணச் சூட்கேஸ் கணக்கில் போய்விடும். 20 அங்குலச் சக்கரம் உள்ள மடக்கு சைக்கிள்கள் பல இந்த 158-ஐத் தாண்டிவிடும்.

2. தனியா காசு கட்டணுமா?

நிறுவனத்தைப் பொறுத்து மூன்று விதம். சிலர் சைக்கிளை உங்கள் சாமான் அனுமதிக்குள்ளேயே ஒரு பெட்டியாக எண்ணிக்கொள்கிறார்கள். சிலர் அனுமதிக்கு வெளியே ‘சைக்கிளுக்கு இவ்வளவு’ என்று தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். ஐரோப்பாவின் மலிவு விலை நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த வகை, இணையத்தில் முன்பதிவு செய்தால் விமான நிலையத்தில் கட்டுவதைவிடக் குறைவு. மூன்றாவது வகையினர் எடைக்கு ஒரு கணக்கு, அளவுக்கு இன்னொரு கணக்கு என்று இரண்டையும் சேர்த்து வாங்குவார்கள். இதில்தான் எதிர்பாராத செலவு வரும்.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு நல்ல மாற்றம் 2019-இல் வந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் டெல்டாவும் சைக்கிளுக்கு வாங்கிவந்த 150 டாலர் கூடுதல் கட்டணத்தை அந்த ஆண்டு நீக்கிவிட்டன. எடை வரம்புக்குள் இருந்தால் சாதாரணச் செக்-இன் பெட்டிக்கு உள்ள கட்டணம்தான்.

டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டாம். போக, வர இரண்டு தடவைக்கும் சைக்கிள் கட்டணத்தைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ஆயிரம், இரண்டாயிரம் குறைவான டிக்கெட் கடைசியில் அதிகமாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

3. டொமெஸ்டிக்ல 15 கிலோதான். சைக்கிளே 11 கிலோ இருக்கே, எப்படி?

இரண்டு முறைகள் உள்ளன. எடை முறையில் மொத்தம் இத்தனை கிலோ என்பதே கணக்கு. எண்ணிக்கை முறையில் தலா 23 கிலோ வரை இத்தனை பெட்டி. இந்திய உள்நாட்டுப் பயணத்தில் எகானமிக்குப் பொதுவாக 15 கிலோ, கையில் 7 கிலோ. 9 கிலோ ரோடு பைக், 3 கிலோ அட்டைப்பெட்டி, அரைக் கிலோ ஃபோம், டேப் என்று வைத்தால் 12.5. ஹெல்மெட், ஷூ போட இடம் இருக்கிறது. 13 கிலோ ஹைப்ரிட் என்றால் பெட்டியோடு 16-ஐத் தாண்டும். கூடுதல் கிலோக்களை முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள், கவுன்ட்டரில் கிலோவுக்கு விலை அதிகம்.

எந்த முறையானாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்குகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு அது, பணம் கட்டியும் தாண்ட முடியாது. வீட்டில் எடை பார்க்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆள் எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

4. முன்னாடியே சொல்லணுமா, இல்ல நேரா போய்டலாமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு விமானத்தில் இத்தனை சைக்கிள்தான் என்று பல நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. ஒரே குழுவாகப் பத்துப் பேர் போகிறீர்கள் என்றால் இது பெரிய விஷயம். டிக்கெட் எடுத்த கையோடு, குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன், சைக்கிளின் பெட்டி அளவையும் எடையையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். முன்பதிவு அமைப்பில் இதற்கென்றே ஒரு சேவைக் குறியீடு உண்டு. அது உங்கள் பி.என்.ஆரில் ஏறிவிட்டதா என்று கேட்டு, மின்னஞ்சலில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

போனில் பேசும்போது ‘பைக்’ என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள், ‘அதெல்லாம் கார்கோவில்தான் சார்’ என்று பதில் வரும். ‘பெடல் மிதிக்கிற சைக்கிள், பெட்டியில் கட்டியது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

5. அட்டைப்பெட்டி தாங்குமா? ஹார்ட் கேஸ் வாங்கியே ஆகணுமா?

ஒழுங்காகக் கட்டினால் அட்டைப்பெட்டி தாராளமாகத் தாங்கும். புது சைக்கிள் வருகிற ஐந்தடுக்கு அட்டைப்பெட்டியைக் கடைக்காரர்கள் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவார்கள், ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார்கள். வழக்கமான அளவு 140 × 80 × 22 செ.மீ. எடை 3 கிலோதான். ஹார்ட் கேஸ் மட்டுமே 10 கிலோவைத் தாண்டும், 15 கிலோ அனுமதியில் அதற்கு வேலையே இல்லை. வருடத்துக்கு மூன்று, நான்கு தடவை வெளிநாடு போகிறவர்களுக்கு, அதுவும் 23 கிலோ அனுமதி உள்ள தடத்தில், அது நல்ல முதலீடு.

பெட்டி வாங்கும் முன் நிறுவனத்தின் உச்ச அளவைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் வைத்திருக்கும் வரம்பு 190 × 75 × 65 செ.மீ. நீளத்தில் தாராளம், ஆனால் கடையில் கிடைக்கும் 80 செ.மீ. உயரப் பெட்டி 5 செ.மீ. மீறுகிறது. மேல்விளிம்பை வெட்டி மடித்து 74-க்குக் கொண்டுவர முடியும். சீட் போஸ்ட்டைக் கழற்றிவிட்டால் சைக்கிள் அதற்குள் அடங்கும்.

6. என்னென்ன கழட்டணும்? பெட்டிக்குள்ள எப்படி வைக்கணும்?

தேவையான கருவிகள்: 4, 5, 6, 8 மி.மீ. ஆலன் கீ, 15 மி.மீ. பெடல் ஸ்பேனர், டி25 டார்க்ஸ், ஜிப் டை இருபது, இரண்டு அங்குல பிரவுன் டேப் ஒரு ரோல். ஃபிரேமுக்குச் சுற்ற பபிள் ராப்பைவிட ஏசி செப்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு இன்சுலேஷன் ட்யூப் மேல். நீளவாக்கில் கீறி அப்படியே குழாயில் மாட்டிவிடலாம், திரும்பி வரும்போதும் உதவும்.

கழற்றும் முன் சீட் போஸ்ட்டில் உயரத்துக்கு டேப் அடையாளம் போடுங்கள். பின் கியரைச் சின்னப் பல்லுக்குக் கொண்டுவாருங்கள். பெடல், சீட், முன் சக்கரம் கழற்றுங்கள். ஹேண்டில்பாரைக் கழற்றும்போது ஸ்டெமின் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு பிணைக்கும் துண்டு) முன்முகப்பு போல்ட் நான்கை மட்டும் எடுங்கள். ஸ்டெமையே ஃபோர்க்கிலிருந்து உருவினால் ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங் தொகுதி) தளர்ந்து, ஃபோர்க் கீழே நழுவி, பேரிங் வெளியே வரும். இந்தத் தவறைப் புதியவர்கள் நிறையச் செய்கிறார்கள்.

அடுத்து, மிக முக்கியமான வேலை: பின் டிரெய்லியரை (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பாகம்) 5 மி.மீ. ஆலன் கீயால், அதை ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கரிலிருந்து கழற்றி, ஒரு துணியில் சுற்றி, செயின்ஸ்டேக்கு (பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) உள்பக்கமாக ஜிப் டையால் கட்டுங்கள். கேபிளையோ செயினையோ பிரிக்க வேண்டாம். பெட்டி வலப்பக்கமாக விழும்போது முதலில் அடிவாங்குவது டிரெய்லியர், அதைத் தாங்கி வளைவது ஹேங்கர். ஃபிரேமைக் காப்பாற்றத் தான் வளையும்படி மென்மையான அலுமினியத்தில் செய்த துண்டு அது. உங்கள் மாடலுக்கான உதிரி ஹேங்கர் ஒன்று எப்போதும் கூடவே இருக்கட்டும். ஊருக்கு ஊர் கிடைக்கிற பொருள் அல்ல.

முன் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாங்கி வையுங்கள். புது சைக்கிளோடு வருவதைக் கடையில் சும்மாவே தருவார்கள். இல்லாவிட்டால் பெட்டி பக்கவாட்டில் நசுங்கும்போது ஃபோர்க் உள்நோக்கி வளையும். பின் சக்கரத்தோடு ஃபிரேமைப் பெட்டியில் இறக்கி, முன் சக்கரத்தைச் சங்கிலி இல்லாத இடப்பக்கம் வைத்துக் கட்டுங்கள். சக்கரத்தின் ஆக்சில் ஃபிரேம் குழாயில் உரசக் கூடாது. கடைசியில் பெட்டியின் அகலத்துக்குச் சரியாக வெட்டிய முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் இரண்டைக் குறுக்கே நிறுத்துங்கள். மேலே நூறு கிலோ சாமான் ஏறினாலும் பெட்டி உள்வாங்காது. உலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் அசையக் கூடாது.

7. பெடல் கழரவே மாட்டேங்குது. எந்தப் பக்கம் திருப்பணும்?

இடது பெடலின் மரை எதிர்த்திசை. நினைவில் வைக்க எளிய வழி: ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி இருக்கும்படி மாட்டி, சைக்கிளின் பின்சக்கரத்தை நோக்கி இழுங்கள். இரண்டு பக்கமும் அப்படித்தான் கழரும். முன்னோக்கித் தள்ளினால் இறுகும். சைக்கிள் தரையில் நிற்கும்போதே செய்யுங்கள், பெட்டியில் இறக்கிய பின் பிடிமானம் கிடைக்காது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒருமுறை கழற்றி, கிரீஸ் தடவி மாட்டிவையுங்கள். திரும்பும் நாளில் வேறு ஊர் ஓட்டல் அறையில் போராட வேண்டியிருக்காது.

8. டயர்ல காத்தை இறக்கணுமா? மேல போனா வெடிச்சிடும்னு சொல்றாங்களே?

வெடிக்காது. சாமான் அறையிலும் பயணிகள் அறையில் உள்ள அதே காற்றழுத்தம்தான். அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் உள்ள அளவுக்குக் குறையும், அதாவது தரைமட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு. 80 பி.எஸ்.ஐ. டயர் சுமார் 84 பி.எஸ்.ஐ. போல உணரும், அவ்வளவுதான். ஆனாலும் நிறுவனங்களின் விதியில் ‘காற்றைக் குறைக்கவும்’ என்று இருக்கும், கவுன்ட்டரில் அதை விவாதிக்க வேண்டாம். 20, 30 பி.எஸ்.ஐ. விட்டு மீதியை இறக்குங்கள். முழுக்க இறக்கினால் அடி நேராக ரிம்மில் விழும். ட்யூப்லெஸ் என்றால் டயர் ரிம்மைவிட்டு விலகி, சீலன்ட் (ஓட்டை அடைக்கும் திரவம்) பெட்டியெல்லாம் ஒழுகும்.

லேவில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் சுமார் 3,500 மீட்டர் உயரம், காற்று மெலிது. சென்னையில் கைப்பம்ப்பால் 100 தடவை அடித்தால் ஏறும் அழுத்தத்துக்கு அங்கே ஏறத்தாழ 150 தடவை அடிக்க வேண்டும். இறங்கிய அன்றே மூச்சு வாங்க அடிக்காமல், உடல் பழகிய மறுநாள் அடித்துக்கொள்ளுங்கள்.

9. டிஸ்க் பிரேக்குக்கு என்ன பண்ணணும்?

சக்கரம் கழற்றிய காலிப்பரில் (ரோட்டர் தகட்டைக் கவ்வும் பாகம்) பிரேக் பிடி ஒருமுறை அழுந்தினாலும் பிஸ்டன்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு ரோட்டர் உள்ளே நுழையாது. பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு வையுங்கள், இல்லையென்றால் விசிட்டிங் கார்டை நான்காக மடித்துச் செருகுங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டால் பிளாஸ்டிக் டயர் லீவரை உள்ளே விட்டு மெல்ல விரிக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பேட் உடையும்.

முன் ரோட்டரைக் கழற்றிவிடுவதே நல்லது. ஆறு போல்ட் வகைக்கு டி25 போதும். கழற்றிய ரோட்டரை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துத் துணிப்பையில் போடுங்கள், விரலின் எண்ணெய் படக் கூடாது. ஹைட்ராலிக் பிரேக் தலைகீழாகக் கிடந்ததால் பிடி மெத்தென்று இருந்தால், சைக்கிளை நிமிர்த்தி வைத்து இருபது, முப்பது தடவை அழுத்துங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

10. சிஓ2 கார்ட்ரிட்ஜ், செயின் ஆயில், டூல்ஸ் எல்லாம் எதுல வைக்கறது?

ஸ்பேனர், ஆலன் கீ, மல்டிடூல் எல்லாம் பெட்டிக்குள்தான். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் எரியும் தன்மையுள்ள லூப்ரிகன்ட், டிகிரீசர், பெயின்ட் எதுவும் எங்குமே கூடாது. சொட்டு விடுகிற சின்ன பாட்டில் செயின் ஆயிலை மூடியை டேப் ஒட்டி, ஜிப் பையில் போட்டுப் பெட்டியில் வையுங்கள்.

டயருக்குக் காற்றேற்றும் கார்பன் டை ஆக்சைடு கார்ட்ரிட்ஜுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் இருந்தும் சோதனையில் பெட்டியைப் பிரித்து எடுத்துவிடும் வாய்ப்பு அதிகம். கைப்பம்ப் எடுத்துப் போங்கள், கார்ட்ரிட்ஜ் வேண்டுமானால் போன இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பவர் பேங்க், கழற்றக்கூடிய லைட் பேட்டரி எல்லாம் கைப்பையில் மட்டுமே.

11. இ-சைக்கிள் எடுத்துட்டுப் போலாமா? எலக்ட்ரானிக் கியர் இருந்தா பிரச்சினையா?

இ-சைக்கிளின் பேட்டரி பயணிகள் விமானத்தில் ஏறாது. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி. 100 வரை தடையில்லை, 100-லிருந்து 160 வரை நிறுவன ஒப்புதலோடு, அதற்கு மேல் தடை. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்ற சின்னப் பேட்டரியே 360 வாட்-மணி. தனிப் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கார்கோவாக அனுப்பவும் 2016 முதல் தடை உள்ளது. பேட்டரி இல்லாத வண்டியைச் சில நிறுவனங்கள் ஏற்கின்றன, சில அதையும் மறுக்கின்றன. அதற்கும் 4-ஆம் பதிலில் சொன்ன எழுத்து உறுதி வேண்டும். போன இடத்தில் அதே மாடல் பேட்டரி வாடகைக்குக் கிடைத்தால் மட்டுமே இந்த வேலையில் இறங்குங்கள்.

எலக்ட்ரானிக் கியர் பிரச்சினை இல்லை. சீட் போஸ்ட்டுக்குள் இருக்கும் ஷிமானோ டிஐ2 பேட்டரி 7.4 வோல்ட், 500 மில்லி ஆம்பியர்-மணி, வெறும் 3.7 வாட்-மணி. வண்டியிலேயே இருக்கலாம். ஆனால் டிரெய்லியர் முனையில் வயரைக் கழற்றிவிடுங்கள். பெட்டிக்குள் ஷிஃப்டர் பட்டன் அழுந்திக்கொண்டே இருந்தால் இறங்கும்போது சார்ஜ் இருக்காது. ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் வகைக் கியரின் பேட்டரிகளைக் கழற்றி, மூடி போட்டு, கைப்பையில் வையுங்கள்.

12. ஏர்போர்ட்டுக்குப் பெட்டியை எப்படிக் கொண்டுபோறது? அங்க என்ன நடக்கும்?

140 செ.மீ. பெட்டி செடான் கார் டிக்கியில் நுழையாது. பின் சீட் மடக்கிய இன்னோவா மாதிரி வண்டியைச் சொல்லி வையுங்கள். விமான நிலையத்தில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே இருங்கள். கவுன்ட்டரில் எடை போட்டு டேக் ஒட்டியதும், பெட்டி சாதாரண பெல்ட்டில் போகாது. பெரிய சாமானுக்கான தனி இடத்துக்கு நீங்களே தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பிரிக்கச் சொன்னால் மறுபடி ஒட்ட டேப் ரோல் கைப்பையில் இருக்கட்டும். இறங்கும் இடத்திலும் பெரிய சாமான் வேறு வாசலில் வரும், சுற்றும் பெல்ட்டில் காத்திருந்து ‘வரவில்லை’ என்று பதறாதீர்கள்.

13. ரெண்டு ஃப்ளைட் மாறணும், வேற வேற ஏர்லைன்ஸ். யார் ரூல்?

ஒரே டிக்கெட்டில் இருந்தால் பயணம் முழுவதற்கும் ஒரே நிறுவனத்தின் சாமான் விதி பொருந்துவதே வழக்கம், அது எது என்பது டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும். ஆனால் பெட்டியை ஏற்றுவது, விமானத்தை உண்மையில் இயக்குகிற நிறுவனம். ‘இயக்குபவர்’ என்று வேறு பெயர் இருந்தால் அவர்களிடமும் சைக்கிளைப் பதிவு செய்யுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டு கட்டணம், இரண்டு விதி, நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன். டெல்லியிலோ மும்பையிலோ இதற்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

14. தூத்துக்குடி ஃப்ளைட்ல பெட்டியை ஏத்த மாட்டேன்னுட்டாங்களாம், ஏன்?

அந்தத் தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானங்களில் சாமான் அறையும் கதவும் சின்னவை, ஏற்றக்கூடிய எடையும் குறைவு. விதிப்படி அனுமதி இருந்தாலும் அன்றைய சாமானைப் பொறுத்து அடுத்த விமானத்துக்குத் தள்ளிவிடுவார்கள். சென்னை–யாழ்ப்பாணம் தடத்துக்கும் இதே எச்சரிக்கை. டிக்கெட் எடுக்கும் பக்கத்திலேயே விமான வகை இருக்கும், பாருங்கள். தூத்துக்குடிக்கு மாற்றாக மதுரை வரை பெரிய விமானத்தில் போய் அங்கிருந்து சாலை வழி போவது நிம்மதி.

15. சைக்கிள் உடைஞ்சு வந்துச்சுன்னா காசு கிடைக்குமா?

சாமான் எடுக்கும் கூடத்தைவிட்டு வெளியே வரும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். சேதம் தெரிந்தால் அங்கேயே சாமான் சேவை மேசையில் பி.ஐ.ஆர். எனப்படும் புகார் அறிக்கை வாங்குங்கள். சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். இழப்பீட்டின் உச்சம் 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), சுமார் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். உங்கள் மற்றப் பெட்டிகளும் இதற்குள்தான் அடக்கம். சைக்கிள் இதைவிட விலை என்றால் செக்-இன் நேரத்திலேயே மதிப்பை அறிவித்து, கூடுதல் கட்டணம் கட்டி வரம்பை உயர்த்தலாம். உள்நாட்டில் வரம்பு இதைவிட மிகக் குறைவு.

கவுன்ட்டரில் ‘பொறுப்பில்லை’ என்ற டேக்கில் கையெழுத்துக் கேட்பார்கள். சர்வதேசப் பயணத்தில் அந்தக் கையெழுத்து உடன்படிக்கையின் பொறுப்பை நீக்கிவிடாது. ஆனால் ‘சரியாகக் கட்டவில்லை’ என்ற வாதம் வரும். அதற்கு உங்கள் பதில் படங்கள்தான்: மூடும் முன் உள்பக்கம், மூடிய பின் ஆறு பக்கம், கவுன்ட்டரில் டேக்கோடு ஒன்று.

16. திரும்பி வரும்போது கஸ்டம்ஸ்ல புடிப்பாங்களா?

விலை உயர்ந்த சைக்கிள் என்றால், இந்தியாவிலிருந்து கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிரேம் எண் பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் அச்சு சுழலும் இடம்) அடியில் இருக்கும், பெட்டியில் கட்டும் முன் படம் எடுங்கள். பெட்டியை ஒப்படைக்கும் முன்பே இது முடிய வேண்டும். வாங்கிய பில்லின் நகல் போனில் இருக்கட்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் டயரில் ஒரு துளி மண் இல்லாமல் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வருகைப் படிவத்தில் அறிவிக்கவும் வேண்டும்.

17. அங்க போய் மாட்டினா ஹேண்டில் ஆடுது, கியரும் சரியா விழல. என்ன ஆச்சு?

முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கும்போது ‘டக் டக்’ என்றால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. ஸ்டெமின் பக்கவாட்டு போல்ட் இரண்டையும் தளர்த்தி, மேல்மூடி போல்ட்டை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் இறுக்கி, பிறகு பக்கவாட்டு போல்ட்டை இறுக்குங்கள். வரிசை மாறினால் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது. கார்பன் ஹேண்டில்பார் என்றால் ஸ்டெமில் அச்சடித்த அளவுக்கு மேல், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், போகக் கூடாது. முகப்பு போல்ட் நான்கையும் குறுக்குக் குறுக்காக, இடைவெளி சமமாக வரும்படி இறுக்குங்கள்.

கியருக்கு, பின்னால் நின்று பாருங்கள். டிரெய்லியரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்கீழே ஒரே கோட்டில் இல்லாமல் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்துவிட்டது. கேபிளைத் திருகிச் சமாளிக்காதீர்கள். பெரிய பல்லுக்குப் போட்ட நொடியில் டிரெய்லியர் ஸ்போக்கில் மாட்டி, சக்கரத்தையும் சேர்த்துக் கிழித்துவிடும். 6-ஆம் பதிலில் சொன்ன உதிரி ஹேங்கரை மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

18. வரும்போது பெட்டிக்கு எங்க போறது?

போன ஓட்டலிலேயே திரும்பித் தங்கினால், மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். ஓர் ஊரில் இறங்கி வேறு ஊரில் ஏறுகிறீர்கள் என்றால், ஏறும் ஊரின் சைக்கிள் கடைக்குப் பத்து நாள் முன்பே எழுதி, ஒரு பெட்டி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இன்சுலேஷன் ட்யூப், ஃபோர்க் தாங்கி, ஜிப் டை இவற்றைச் சுருட்டிப் பயணம் முழுவதும் கூடவே வைத்திருங்கள். பெட்டி எங்கும் கிடைக்கும், இவை கிடைப்பது அரிது.